கதவுக்கு எத்தனை விழ வேண்டும்

மூன்று மணி. நாலுக்கு வந்துவிடுவேன் என்று தம்பி ஜெகா சொல்லியிருக்கிறான். அவன் நாலு என்றால் நாலுதான், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறான். மேசையைத் துடைத்தாகிவிட்டது. இரண்டாம் தடவையும் துடைத்தாகிவிட்டது. கரண்ட் இல்லை, மாதாந்திரப் பராமரிப்பாம், நாலு மணிக்குத்தான் வருமாம், மின்விசிறி மூன்று கையையும் விரித்துக்கொண்டு சும்மா நிற்கிறது. கீழே மாவு மில்லும் ஓடவில்லை. பத்து வருஷமாக அந்த மில்லின் அதிர்வு என் வீட்டுத் தரை வழியாக உள்ளங்காலுக்கு ஏறிக்கொண்டேயிருந்திருக்கிறது, இன்றைக்கு அது இல்லாதபோதுதான் இருந்ததே தெரிகிறது. சத்தமில்லாத மதியம் எனக்கு ஆகாது. யாராவது ஒரு பாத்திரத்தையாவது போட்டு உருட்டினால் தேவலை. அட்டைகளை அடுக்கலாம். அடுக்கியதைக் கலைத்து அடுக்கலாம். ஊர்களுக்குப் பச்சை, மனிதர்களுக்கு மஞ்சள், தடைகளுக்குச் சிவப்பு. ஜெகா எழுதிய ஏழு பாகத்தையும், 'உவர்நாட்டுக் கதைகள்', மூவாயிரத்துச் சொச்சம் பக்கம், பதினெட்டு மாதமாகக் கொத்திக் கொத்தி இந்த அட்டைகளில் இறக்கியிருக்கிறேன். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டமாக. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள், முடிந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். ஒவ்வொரு தடைக்கும் ஓர் எண். அதுவோ அதற்கு மேலோ விழுந்தால் தாண்டலாம். உப்புச் சுவர், பன்னிரண்டு. நரம்புப் பாலம், பதினான்கு. கண் விற்கும் கிழவனை ஏமாற்ற, பதினேழு. எல்லாவற்றுக்கும் எண் கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு சிவப்பு அட்டையில் மட்டும் எண் இல்லை. அதைக் கட்டின் அடியில் வைத்தேன், அப்புறம் நடுவில் சொருகினேன், இப்போது எப்படியோ அது தனியாக மேசையில் கிடக்கிறது. கதவு. கடினம் என்ற இடத்தில் வெறும் கட்டம்.

கதையை வாசித்தவர்களுக்கு அந்தக் கதவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உவர்க்கோட்டையின் அடியாழத்தில் ஒரு கதவு. உள்ளே பெயரில்லாத ஒன்று. வெளியே காவலி, பதினோரு வயதிலேயே நின்றுபோன பெண், எழுநூறு வருஷமாக அங்கே உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே இருப்பது அழைக்கும், கெஞ்சும், தெரிந்தவர் குரலிலெல்லாம் பேசும். அவள் திறக்க மாட்டாள். அவள் திறக்காததால்தான் உவர்நாடு பிழைத்துக் கிடக்கிறது. ஏழு பாகத்திலும் அந்தக் கதவு ஒரு தடவைகூடத் திறப்பதில்லை. வாசகர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குக் காவலி என்றால் உயிர். புத்தகக் கண்காட்சிக்குச் சின்னப் பெண்கள் அவளைப் போல நெற்றியில் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு வருகிறார்கள். போன வருஷம் ஒருத்தி முழங்கையில் பச்சை குத்திக்கொண்டு வந்து ஜெகாவிடம் காட்டினாள், 'அவள் திறக்கவில்லை' என்று. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்தில் நின்ற யாருக்கும் எதற்கென்று தெரியாது. ஜெகா மட்டும் என்னைப் பார்த்தான், உடனே அந்தப் பெண் நீட்டிய புத்தகத்தில் கையெழுத்துப் போடக் குனிந்துகொண்டான். கதை எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. கதவை மூடியே வைத்துக்கொண்டு மூவாயிரம் பக்கம் எழுதிவிடலாம், வாசகன் எழுந்து வந்து தள்ளப்போவதில்லை. ஆட்டத்தில் அது நடக்காது. மேசையில் நாலு பேர் உட்கார்ந்தால் அதில் ஒருத்தன் கட்டாயம் கதவைத் திறப்பான். திறக்காதே என்று எழுதியிருந்தால் முதல் வேலையாகத் திறப்பான். திறந்ததும் எல்லா ஊரிலும் எல்லாரும் கேட்பது இரண்டே கேள்விதான்: உள்ளே என்ன இருக்கு, உயிரோடு இருக்கா. நடத்துகிறவள் பதில் சொல்லியாக வேண்டும். தெரியாது என்று சொல்ல அவளுக்கு உரிமை கிடையாது.

விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் நானேதான் எழுதினேன், ரொம்பப் பெருமையாகத் தடித்த எழுத்தில். யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியதற்குப் பகடை வேண்டாம், செய்தால் நடந்துவிடும். மேசையில் யாருக்கும் விடை தெரியாதபோதுதான் பகடை. இருபது வருஷம் பள்ளிக்கூடங்களுக்குப் பலகை விளையாட்டு செய்து விற்றவள் நான், விதி எழுதுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஓர் எண்ணம். போன மாதம் இரண்டாம் ஒத்திகை ஆட்டத்தில் அந்த எண்ணம் போயிற்று. கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர், இதே மேசை, முறுக்குத் தட்டு நடுவில். நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. கோட்டைக்குள் இறங்கினார்கள், காவலியிடம் பேசினார்கள், அந்தக் கண்ணாடி போட்ட பெண், ஷர்மிளி, சாதாரணமாகச் சொன்னாள், "நான் கதவத் திறக்கறேன் மேம்." எல்லாரும் அவள் கையில் இருந்த பகடையைப் பார்த்தார்கள். நான் சொன்னேன், "திறக்கல." அவள் சிரித்தாள். "மேம், இன்னும் போடவே இல்ல." நான் மறுபடியும் சொன்னேன், "திறக்கல. அவ்வளவுதான்." குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கனமாக, அதட்டலாக, யாரோ ஈஸிசேரிலிருந்து பேசுகிற மாதிரி. பகடை போட விடாமல் முடிவைச் சொல்வது எங்கள் தொழிலில் கேவலம், கேரம் போர்டில் கையால் காயைத் தள்ளுவதற்குச் சமம். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், முறுக்கைத் தின்றுவிட்டுச் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். ஆனால் அது எப்படியோ ஜெகா காதுக்குப் போயிற்று. மறுநாள் போன் பண்ணினான். அவன் வழக்கமாக வளவளவென்று பேசுகிறவன் இல்லை, அன்றைக்கு இன்னும் சுருக்கமாக. "நான் வர்றேன்க்கா. நாம ரெண்டு பேர் மட்டும். அந்தக் கதவ மட்டும் ஆடிப் பாப்போம்." எதற்குடா, கடைசியில் ஒரு எண் போட்டுவிடுகிறேன் என்றேன். "இல்ல, ஆடிப் பாப்போம்," என்றான். வைத்துவிட்டான்.

மூன்றேகால். பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனி இதற்கு அவனைக் கேட்டது, படம் போட, பொம்மை செய்ய, எல்லாவற்றுக்கும் ஆள் வைத்திருக்கிற கம்பெனி. அவன் முடியாது என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பெருக்கல் வாய்ப்பாட்டு விளையாட்டு செய்கிற அக்காவிடம் வந்தான். நீதான் செய்யணும். பாசம் என்று நினைத்துக்கொண்டேன். மனுஷருக்கு எது வேண்டுமோ அதைத்தானே நினைப்போம். ஆட்டமாக மாற்றுவதென்றால் சும்மா வாசித்தால் போதாது, ஒரு பொருள் கதையில் எங்கெல்லாம் வருகிறதோ அத்தனையையும் ஒரே தாளில் எடுத்து எழுத வேண்டும், அப்போதுதான் அதற்கு எண் கொடுக்க முடியும். அப்படித்தான் கதவு வருகிற வரிகளை எல்லாம் ஒரு நாள் உட்கார்ந்து ஒரே தாளில் எழுதினேன். புத்தகங்களில் நானூறு பக்கத்துக்கு ஒன்றாக இறைந்து கிடந்தவை. மரக்கதவு, அடியில் விரல் நுழையும் இடைவெளி. உள்ளே வற்றல் மிளகாய் நெடி. முதல் பாகம். கதவின் கீழ்ப்பலகையில் நீலச் சாயம் உரிந்து ஒரு மீன் வடிவம். இரண்டாம் பாகம். தாழ்ப்பாள் வெளிப்பக்கம், காவலியின் மார்பு உயரத்தில். நாலாம் பாகம், அப்புறம் ஆறில் மறுபடியும். ஏழு மந்திரம், எட்டுப் பூட்டு என்று மற்றவர்கள் பேசிக்கொள்கிறார்கள், பாட்டுக் கட்டுகிறார்கள், ஆனால் கதை சொல்கிறவன் கண்ணால் பார்த்துச் சொல்கிற இடத்தில் எல்லாம் ஒரே ஒரு தாழ்ப்பாள்தான், அதுவும் வெளிப்பக்கம். எந்த வாசகனும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க வேண்டுமென்றால் என்னைப் போல வரிவரியாக எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டும். அதற்குத்தான் என்னிடம் கொடுத்தானா. அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீலச் சாயம் உரிந்த மீன் எனக்குத் தெரியும். அதன் வாலை நகத்தால் பெயர்த்து நீளமாக்கியவளே நான்தான். திண்டுக்கல்லில், நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், ஸ்டோர் ரூம் கதவில்.

அப்பா தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். விடியற்காலை ஷிப்ட், மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, மூன்றிலிருந்து நாலு வரைக்கும் முகத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு ஈஸிசேரில் தூங்குவார். அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மதிய ஷிப்ட், ஆறு மணிக்கு மேல்தான் வருவாள். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் மூச்சுச் சத்தம் வரக்கூடாது. எனக்கு அது சுலபம், நான் ஊமைக்கோட்டான். ஜெகாவுக்கு முடியாது. ஆறு வயசு, எந்நேரமும் வாய்க்குள் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கும், ராஜா குரலில் ஒன்று பேசுவான், பூதத்தின் குரலில் ஒன்று பேசுவான், தன்னை மறந்து சத்தம் ஏறிவிடும். துண்டுக்குள்ளிருந்து அப்பா கூப்பிடுவார், "வசுமதி." அவனை இல்லை, என்னை. "அவனக் கொண்டுபோய்ப் போடு. நான் எந்திரிக்கற வரைக்கும் திறக்கக் கூடாது." அடிக்க மாட்டார், அந்தப் பெருமை அவருக்கு உண்டு, பிள்ளைகள் மேல் கை வைத்ததில்லை என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டிக்கொண்டு போனது என் கை. தாழ்ப்பாள் போட்டது என் கை. அவன் திமிறமாட்டான், என் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவான். உள்ளே ஜன்னல் கிடையாது. மிளகாய் மூட்டை, அரிசி டின், எலி. அப்பாவுக்குப் பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். பதினோரு வயசுப் பெண் என்ன செய்திருப்பாள் என்று சொல்லிக்கொள்ளலாம். முப்பத்தொன்பது வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்காமலே. அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே என்று இன்னொரு குரல், அது அப்பாவின் குரல் மாதிரியே இருக்கும், அதட்டலாக. ஏன் சொல்லவில்லை. ஏனென்றால் அவன் உள்ளே இருந்தபோது வெளியே இருந்தது நான். அவ்வளவுதான். அந்த வெளி எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதிப் பார்த்ததில்லை, வாய்விட்டுச் சொன்னதும் இல்லை.

ஒருநாள் மட்டும் வேறு மாதிரி. மற்ற நாளெல்லாம் ஐந்து நிமிஷம் அக்கா அக்கா என்பான், அப்புறம் உள்ளேயே மெதுவாகக் கதையை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்துவிடுவான். அன்றைக்கு ஆரம்பிக்கவில்லை. அக்கா, ஏதோ இருக்கு. அக்கா, என் கால்கிட்ட ஏதோ இருக்கு. கதவின் இடைவெளி வழியாக நாலு விரல் வெளியே வந்தது. நான் கதவுக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து தாயம் ஆடிக்கொண்டிருந்தேன், வலது கைக்கும் இடது கைக்கும் போட்டி, சாக்பீஸால் கட்டம். பித்தளைத் தாயக்கட்டை, சத்தம் கேட்காமல் இருக்கப் பாவாடை மேல் உருட்டுவேன். அந்த விரல்களைப் பார்த்தேன். மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், தாயம் விழுந்தால் திறக்கிறேன். சாமி மேல் பாரத்தைப் போட்டேன். பாவாடையில் உருட்டினால் செல்லாது என்று தரையில் உருட்டினேன். விழுந்தது. ஒன்றும் பூஜ்யமும், சந்தேகமே இல்லாத தாயம். பழக்கத்தில் வாய் தானாகத் "தாயம்!" என்றது, கிசுகிசுப்பாகத்தான், ஆனாலும் சொன்னேன். எழுந்தேன். தாழ்ப்பாள் என் மார்பு உயரம்தான், விரலால் தள்ளினால் போதும், எண்ணெய் போட்ட தாழ்ப்பாள். துண்டுக்குள் அப்பாவின் மூச்சு ஒரு தடவை தடைப்பட்டது. நான் மறுபடியும் உட்கார்ந்தேன். மறுபடியும் உருட்டினேன். அதற்கப்புறம் என்னென்ன விழுந்தது என்று நினைவில்லை. எப்போதென்று தெரியாமல் அந்த விரல்கள் உள்ளே போய்விட்டன. குரலும் நின்றுவிட்டது. நாலு மணிக்கு அப்பா எழுந்து வந்து அவரேதான் திறந்தார். மூன்றாம் பாகத்தில் ஒரு வரி வருகிறது, எந்த விமரிசகனும் எடுத்துக் காட்டாத வரி: 'கதவுக்கு அந்தப் பக்கம் காவலியின் காலடியில் எலும்புகள் உருளும் ஓசை, உள்ளிருந்தது அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.' கேட்டிருக்கிறான். உருண்டதைக் கேட்டிருக்கிறான். எதற்கு உருண்டது என்று அவனுக்குத் தெரியுமா.

மூன்றே முக்கால். பென்சிலை எடுத்துக் கட்டத்தில் இருபது என்று எழுதினேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இருபதுக்கு மேல் எண்ணே கிடையாது, எழுநூறு வருஷத்துக் கதவு, வாசகர்கள் ஏற்றுக்கொள்வார்கள், இவ்வளவு கடினமான கதவைத் திறக்காத பெண்ணை யார் என்ன சொல்ல முடியும். அழித்தேன். பத்து என்று எழுதினேன். பேரம் பேசுகிற மாதிரி இருந்தது. அழித்தேன். ரப்பர் துகள் மேசையெல்லாம். அவன் ஏன் அவளை இவ்வளவு அழகாக எழுதினான். அவளுக்கு ஒரு காரணம் கொடுத்திருக்கிறான், உள்ளே இருப்பதைக் கொடியதாக்கி, அவளைக் காப்பாற்றியிருக்கிறான். தன்னைப் பூதமாக்கிக்கொண்டு என்னைத் தெய்வமாக்கியிருக்கிறான். அது மன்னிப்பா. இல்லை, ஊரே கும்பிடுகிற இடத்தில் என்னை நிறுத்தி வைத்து, உள்ளே வேகட்டும் என்று விட்டிருக்கிறானா. தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுக்கிறான். எனக்கு ஆபரேஷன் நடந்தபோது பதினோரு நாள் பக்கத்திலேயே இருந்தான். இருட்டில் தூங்கமாட்டான், விளக்கு எரிந்தால்தான் தூக்கம், அவன் மனைவி அதைக் கேலி பண்ணுவாள், நான் அப்போது அடுக்களைக்குப் போய்விடுவேன். இன்றைக்கு வந்து உட்கார்ந்து, நான் கதவைத் திறக்கிறேன் என்று அவன் சொன்னால் நான் என்ன சொல்வேன். வராமல் இருந்தால் நல்லது. பஸ் கெட்டுப்போகலாம். கெட்டுப்போகாது, அவன் வருவான். வியர்வை முதுகில் கோடாக இறங்குகிறது. மாடிப்படியில் செருப்புச் சத்தம். ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல்.

"என்னக்கா, இப்படி வேத்துக் கெடக்க," என்றான். கதவைத் திறந்தே வைத்திருந்தேன், அவன் தட்டுகிற சத்தத்தை என்னால் தாங்க முடியாது என்று. தண்ணீர் கொடுத்தேன். பஸ்ஸில் நல்ல கூட்டம் என்றான். அப்புறம் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, மஞ்சள் அட்டைகளை விரலால் விசிறி மாதிரி விரித்து, ஒன்றை உருவினான். போர்வீரனை எடுப்பான், மந்திரக்காரியை எடுப்பான் என்றெல்லாம் நினைத்திருந்தேன். காவலியை எடுத்தான். "நான் இவளா ஆடறேன்." காவலியை யாரும் ஆடக்கூடாது என்று விதியில் எழுத மறந்துவிட்டேன். அவன் பகடையைக் கையில் எடுத்து, கண்ணை மூடித் திறந்து, ஆடுகிறவர்கள் சொல்கிற அதே சாதாரணக் குரலில் சொன்னான், "நான் எந்திரிக்கறேன். கதவத் திறக்கறேன். எத்தன விழணும்?" சிவப்பு அட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது, அழித்து அழித்துச் சொரசொரப்பான கட்டம் மேலே பார்க்க. திறக்கல என்று சொல்ல அந்தக் குரல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். "எதுவும் விழ வேணாம்," என்றேன். "யார் வேணும்னாலும் திறக்கலாம்டா. வெளித்தாழ்ப்பாள்தான். எண்ணெ போட்டது." அவன் பகடையைக் கீழே வைக்கவில்லை. "அப்ப அன்னைக்கு எதுக்கு உருண்டுச்சு?" கேட்டுவிட்டான். முப்பத்தொன்பது வருஷம். "தாயம் விழுந்தா திறக்கறதுன்னு நெனச்சேன்." "விழுந்துச்சா?" "விழுந்துச்சு." அவன் தலையை ஆட்டினான், ஏதோ ஒரு கணக்கு ஒத்துவந்துவிட்ட மாதிரி. "நீ தாயம்னு சொன்னது கேட்டுச்சு. நீ வெளையாடிக்கிட்டு இருக்கன்னுதான்க்கா இவ்வளவு நாளும் நெனச்சேன்." அவன் குரலில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் அழுதிருப்பேன். கரண்ட் வந்தது. மின்விசிறி முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது, கீழே மில் ஓடத் தொடங்கி உள்ளங்கால் அதிர்ந்தது, பச்சை அட்டைகள் இரண்டு பறந்து தரையில் விழுந்தன. யாரும் எடுக்கவில்லை.

"சரி, திறந்துட்டேன்," என்றான் ஜெகா. இன்னும் காவலியாகத்தான் பேசுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. "உள்ள என்ன இருக்கு?" நடத்துகிறவள் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு நாலு மணிக்கு அப்பாவின் முழங்கைக்குக் கீழாக நான் பார்த்ததைச் சொன்னேன். சின்ன அறை. மிளகாய் நெடி கண்ணைக் கரிக்கும். ஓர் அரிசி டின், அதன்மேல் ஒரு பையன், ஆறு வயசு. காலைத் தூக்கி மடித்து வைத்திருக்கிறான். டிரவுசர் நனைந்திருக்கிறது. கண் திறந்திருக்கிறது, வெளிச்சம் பட்டும் இமைக்கவில்லை. உன்னைப் பார்க்கவில்லை. பேசவில்லை. எவ்வளவு நேரமாகப் பேசவில்லை என்று உனக்குத் தெரியாது. முழுவதும் சொல்லி முடித்தேன். எதிரே நாற்பத்தைந்து வயசுக்காரன் கன்னத்தில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான், யாருடைய கதையையோ கேட்கிற மாதிரி. காதோரம் நரை. விளக்கு போட்டுத் தூங்குகிற என் தம்பி. எல்லாரும் கேட்கிற இரண்டாவது கேள்வியைக் கேட்டான்.

"உயிரோட இருக்கானா?"

அவன் முகத்தைப் பார்த்தேன். கேலியில்லை, குத்தலில்லை. அவனுக்கு நிஜமாகவே விடை தெரியவில்லை, தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான். எனக்கும் தெரியாது, மேசையில் யாருக்குமே தெரியாது. அவன் விரல்கள் மேசை விளிம்பில் இருந்தன, நாலு விரல். நான் அவற்றைப் பிடித்துக்கொண்டேன். அவன் கையிலிருந்து பகடை நழுவி, அட்டைகளுக்கு நடுவே உருண்டு, எண் காட்டாமல் விதிப்புத்தகத்தின் ஓரத்தில் சாய்ந்து நின்றது. மறு கையால் அதை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினேன்.

"போடு," என்றேன்.